சிவப்புப் பட்டை, மஞ்சள் பட்டை

அந்தப் பட்டையைக் கொஞ்சம் பைக்குள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் சார். திருட்டுப் பயத்தில் சொல்லவில்லை. கேமராப் பட்டையில் மஞ்சள் எழுத்து வெளியே தெரிகிறது. இன்றைக்கு முகூர்த்த நாள். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி போகிற இந்த பஸ்ஸில் வழியில் ஒரு போட்டோகிராபராவது ஏறுவான். மஞ்சள்காரன் ஏறினால் உங்களைச் சொந்தக்காரன் மாதிரி கட்டிக்கொள்வான். சிவப்புக்காரன் ஏறினால், "இன்னுமா இத வச்சிருக்கிய?" என்று துக்கம் விசாரிப்பான். இரண்டுமே தொல்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. கேமராவோடு வரும் பட்டையின் நிறத்தைத்தான் சொல்வார்கள். நீ சிவப்பா, மஞ்சளா? கட்சி மாதிரிதான். ஏரலில் ஒருத்தர் இருக்கிறார், மஞ்சள். மகள் காதுகுத்துக்கு மச்சினன் சிவப்புக் கேமராவில் படம் எடுத்தான் என்று அந்த ஆல்பத்தை அவர் இன்றுவரை திறக்கவில்லை. பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. இன்னொருத்தர் உடன்குடியில், சிவப்பு. யாராவது மஞ்சளில் எடுத்த படத்தைக் காட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். இவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே குழுவில் இருக்கிறார்கள். காலையில் முருகன் படம், அதற்குப் பிறகு ராத்திரிவரை சண்டை.

நான் எந்தக் கட்சியும் இல்லை. என் பெயர் முத்துமாலை. பி.எஸ்ஸி. கணினி அறிவியல். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். பெருமைக்குச் சொல்லவில்லை. படித்தவன் ஒரு பொருளை எப்படி வாங்குவான், இவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்ற வித்தியாசம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆழ்வார்திருநகரியில் நான் இறங்க வேண்டும். அங்கே ஒரு கல்யாணம். இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. சரியாகச் சொன்னால் நாற்பது நிமிடம்.

உங்களுக்கு ஐகோர்ட்துரை அண்ணாச்சியைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், அது சாமி பெயர். திருச்செந்தூரிலிருந்து நாசரேத்வரை நல்ல கல்யாணம் என்றால் அவர் ஸ்டுடியோதான். ஐம்பத்தெட்டு வயது. அவரிடம் இரண்டாவது கேமராவுக்கு நின்ற ஆள் போன ஆவணியில் துபாய்க்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு நானும் ஜெபசிங்கும் போய் நின்றோம்.

ஜெபசிங் என்னோடு காலேஜில் படித்தவன். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மாதிரி, பழைய மஞ்சள் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கி ஐந்து வருஷம் ஊர் ஊராகக் காதுகுத்து எடுத்தவர்கள். அண்ணாச்சி எங்கள் கேமரா இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மண்டப இருட்டுல இதுல எடுத்தா பொண்ணு மூஞ்சில மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். நல்லதா ஒண்ணு மாத்திட்டு வாங்க. தை மாசம் ஆளுக்கு ஒரு கல்யாணம் தாரேன். எவனுக்கு படம் விழுதோ அவன் நிக்கட்டும்."

"எந்தக் கம்பெனி அண்ணாச்சி வாங்க?" என்று நான் கேட்டேன்.

"எதையாவது வாங்கு. தாலி கட்டுறப்ப படம் விழணும். எனக்கு அம்புட்டுதான்."

பார்த்தீர்களா சார், முப்பது வருஷத் தொழில்காரர் சொல்லும் பதில். எதையாவது வாங்கு. கத்திரிக்காய் வாங்கச் சொல்வது போல.

எனக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா குரும்பூரில் வாழைத்தார் மண்டியில் லோடு ஏற்றுகிறார். நான் குரூப் ஃபோர் எழுதி ஒரு ஆபீஸில் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. "பங்குனி வரைக்கும் பாரு. ஒரு ஸ்டுடியோவுல நிலையா நின்னுட்டா நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா பேசாம புஸ்தகத்த எடுத்துட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். கேமராவை விற்றுப் புத்தகம் வாங்கிக் கையில் கொடுத்துவிடுவார்.

சரி. ஜெபசிங் என்ன செய்தான் தெரியுமா? அடுத்த நாளே திருநெல்வேலி ஜங்ஷன் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். "இதுக்கு அடுத்தது எதுண்ணே மஞ்சள்ல?" என்றான். கடைக்காரர் எடுத்து வைத்தார். அவன் கண்ணில் வைத்தான், லென்ஸை இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. "சரிண்ணே, பில் போடுங்க." பத்து நிமிடம். சரியாகச் சொன்னால் பன்னிரண்டு, ஏனென்றால் நடுவில் கரண்ட் போய் வந்தது.

ஏன்டா சிவப்புப் பக்கத்தைப் பார்க்கவே இல்லையே என்று கேட்டேன். அவன் சொன்ன காரணத்தைக் கேளுங்கள் சார். "கை பழகிருச்சுல."

கை பழகிவிட்டதாம். மாட்டுவண்டிக்காரன் சொல்ல வேண்டிய காரணம். பட்டதாரி சொல்கிறான்.

நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் இதுவரை எந்தப் பொருளையும் தப்பாக வாங்கியது கிடையாது. ஏனென்றால் புதிதாக எதையும் வாங்கியதே கிடையாது. முதல் தடவை வாங்குகிறோம், அது சரியாக இருக்க வேண்டாமா? தப்பாகப் போனால் இன்னொரு தடவை பணம் யார் கொடுப்பார்கள்? அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டேன். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் மஞ்சள். இருட்டில் எப்படி, வெயிலில் எப்படி, பேட்டரி எத்தனை படம், ஷட்டர் எத்தனை லட்சம் தாங்கும், எடை, மழை, பழுது பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டர். நாற்பத்து மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் மார்க். புரட்டாசியில் ஆரம்பித்தேன்.

வெறுமனே இணையத்தில் படித்து மார்க் போடவில்லை. இரண்டு கேமராவையும் நாள் வாடகைக்கு எடுத்து, அடுப்பங்கரையில் விளக்கை அணைத்துவிட்டு அம்மாவை நிற்க வைத்து எடுத்தேன். அம்மாவின் புருவத்தைக் கம்ப்யூட்டரில் இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். "என் மூஞ்சில என்னத்தல தேடுற?" என்று அம்மா கேட்டார்கள். இருட்டில் எடுத்தால் படத்தில் மணல் மாதிரி விழும் புள்ளியைத் தேடுகிறேன் என்று எப்படி விளக்குவது? அப்பா இரண்டையும் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் கறுப்பாத்தானல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

கார்த்திகையில் மஞ்சள் இரண்டு மார்க் முன்னால் நின்றது. மார்கழி முதல் வாரம் சிவப்பு அரை மார்க் ஏறியது. நான் இரண்டு கட்சிக்காரர்களிடமும் கேட்டேன், அதையும் மறைக்கவில்லை. சிவப்புக்காரர் சொன்னார், சிவப்பில்தான் பொண்ணுக்குத் தோல் நிறம் நன்றாக வரும் என்று. மஞ்சள்காரரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் காட்டியது ஒரே பெண்ணின் படம். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். இந்த அறிவாளிகளுக்கு நடுவில்தான் சார் நான் தொழில் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒன்றரை மார்க் வித்தியாசத்தில் சிவப்பு ஜெயித்தது. என் சொந்த விருப்பம் அதில் ஒரு துளிகூட இல்லை. பழைய மஞ்சள் கேமராவையும் இரண்டு லென்ஸையும் ஜெபசிங்கிடமே விற்றேன். வாங்கும்போது அவன் ஒரு மாதிரி நின்றான்.

"ஏல முத்து, திருகு மாறிருமே. யோசிச்சியா?"

உங்களுக்குத் தெரியும்தானே? தூரத்தில் இருக்கிற முகத்தைப் பக்கத்தில் கொண்டுவர லென்ஸில் ஒரு வளையத்தைத் திருகுகிறோம். அந்த வளையம் மஞ்சளில் எந்தப் பக்கம் திருகினால் முகம் கிட்டே வருமோ, சிவப்பில் அந்தப் பக்கம் திருகினால் தள்ளிப் போகும். இவன் வலது என்றால் அவன் இடது. லென்ஸ் மாட்டுவதும் அப்படித்தான், நேர் எதிர். ஜெபசிங் அதைத்தான் சொன்னான்.

நான் சிரித்துவிட்டேன். நாற்பத்து மூன்று வரியில் இதை எந்த வரியில் சேர்ப்பது? கைக்கு மார்க் போட முடியுமா? இடது வலது தெரியாமலா டிகிரி கொடுத்திருக்கிறார்கள்?

புதுக் கேமரா தை மூன்றாம் தேதி கைக்கு வந்தது. கல்யாணம் ஐந்தாம் தேதி காலை. இரண்டு நாள் கையில் இருந்தது. சரியாகச் சொன்னால் ஒன்றரை. அந்த ஒன்றரை நாளையும் நான் வீணாக்கவில்லை. கூட வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். கேமராவை வெளியே எடுக்கவில்லை, தூசி. எங்கள் தெருவில் ரோடு போடுகிறேன் என்று கொத்திப் போட்டிருந்தார்கள்.

இது குரும்பூர் சார். அதோ வாழைத்தார் ஏற்றுகிறார்களே, அந்த மண்டிதான். அப்பா இன்றைக்கு உள்ளே இருப்பார். கொஞ்சம் இப்படித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், வெயில் அடிக்கிறது.

கல்யாணம் ஆறுமுகநேரியில். அண்ணாச்சியிடம் ஒரு முறை உண்டு. தாலி கட்டும் நேரத்தில் அவர் நேர் முன்னால் நிற்பார், இரண்டாவது ஆள் மாப்பிள்ளை பக்கத்துத் தூணுக்கு அருகில். மேடைக்கு ஏறும்முன் என்னிடம் சொன்னார்: "கழுத்து என்னோடது. முடிச்சு என்னோடது. நீ அத எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. பொண்ணு மொகம் மட்டும் உன்னோடது. குனிஞ்சு இருப்பா. முடிச்சு விழுறப்ப ஒரு தடவ நிமிருவா. அம்புட்டுதான் உனக்கு நேரம்."

கெட்டிமேளம் கொட்டியது. நான் தயாராக இருந்தேன். அதில் சந்தேகமே வேண்டாம். பெண் நிமிர்ந்தாள். முகத்தைக் கிட்டே இழுக்க வளையத்தைத் திருகினேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாமா குறுக்கே கையை நீட்டினார், அட்சதை போடுவதற்கு. வீடியோக்காரன் விளக்கைத் தூக்கினான். மேளக்காரர் காதுக்குள்ளேயே அடித்தார். இத்தனைக்கும் நடுவில் யாராக இருந்தாலும் படம் கொஞ்சம் அகலமாகத்தான் விழும். திரும்பவும் திருகினேன், இன்னும் அகலமாகப் போனது. அப்புறம் சரி செய்வதற்குள் பெண் குனிந்துவிட்டாள்.

பதினோரு படம். மாமாவின் கைக்கடிகாரம் மூன்றில். அட்சதை இரண்டில். மீதியில் மேடை முழுக்கத் தெரிகிறது, மேலே ஃபேன், கீழே பெண், கடுகு அளவுக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன் சார், கேமரா மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த ஃபேன் எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது தெரியுமா? இறக்கையில் உபயம் யார் என்று எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஊர் பெயரோடு. மஞ்சளாக இருந்தால் அந்த இருட்டில் இனிஷியல்கூட வந்திருக்காது.

அண்ணாச்சி பதினொன்றையும் பொறுமையாகப் பார்த்தார். "ஃபேன் நல்லா வந்துருக்கு தம்பி" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த முகூர்த்தம் ஜெபசிங்குக்கு. அவன் எடுத்த பெண் முகத்தைத்தான் இப்போது ஸ்டுடியோ வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போது பார்த்திருப்பீர்கள். கண்ணில் தண்ணீர் நிற்கும், உதடு சிரிக்கப் போகும். பெண்ணின் அம்மா அதைப் பார்த்து அழுதார்களாம். அழட்டும். நான் அந்தப் படத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நிழல் பகுதியில் புள்ளி இருக்கிறது. படம் ஒன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. அளந்து பார்த்தேன். அண்ணாச்சி கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரியாதவர் கையில்தான் இடம் கொடுக்கும் பொறுப்பு இருக்கிறது.

இன்றைக்கு ஏன் போகிறேன் என்று கேட்கிறீர்கள். ஜெபசிங் கூப்பிட்டான். அண்ணாச்சிக்கு இன்றைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கல்யாணம். ஆழ்வார்திருநகரியை அவனைத் தனியாக எடுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். இவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி, "இந்த ஒரு தடவ வரச் சொல்லு. படம் விழுந்துச்சுன்னா ரெண்டு பேருமே எங்கிட்ட நில்லுங்க" என்றாராம். இந்தப் பங்குனியில் அவருக்கு இதுதான் கடைசி முகூர்த்தம். அப்பாவுக்கும் அது தெரியும். காலையில் என் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார்.

நல்ல விஷயம்தானே என்கிறீர்கள். இருங்கள், மீதியைக் கேளுங்கள். நேற்று ராத்திரி அந்த ஜெபசிங் போன் பண்ணி என்ன சொன்னான் தெரியுமா?

"ஏல, உன் பழைய மஞ்சளச் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். லென்ஸும் அதே லென்ஸ்தான். நாளைக்கு அத வச்சு எடு. சிவப்ப அப்புறம் வீட்டுல வச்சு மெதுவா பழகிக்கலாம்."

நான் விற்ற கேமரா. இருட்டுக்கு லாயக்கில்லை என்று அண்ணாச்சியே தள்ளியது. நாற்பத்து மூன்று வரியில் இருபத்தாறில் தோற்ற கம்பெனி. அதைக் கையில் எடுத்தால் என்ன அர்த்தம்? புரட்டாசியிலிருந்து நான் உட்கார்ந்து செய்ததெல்லாம் வெட்டிவேலை என்று அர்த்தம். அவன் பன்னிரண்டு நிமிடத்தில் செய்தது சரி என்று அர்த்தம். கூட்டாளி என்று கூப்பிட்டு மாட்டுவண்டியில் ஏறச் சொல்கிறான். நான் போனை வைத்துவிட்டேன். சிவப்பைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். இதோ மடியில் இருக்கிறது. இதில்தான் எடுப்பேன், எடுத்துக் காட்டுவேன்.

இதுவரை பழகவில்லையா என்று கேட்கிறீர்கள். தை, மாசி இரண்டு மாதமும் இதைத் தொடவில்லை சார். அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது மார்க் தப்பாகப் போட்டிருக்கிறேனா என்று. தப்பே இல்லை. மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

உங்கள் கேமராவைக் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, ஒன்றும் செய்துவிட மாட்டேன். இந்த வளையம் எவ்வளவு மோசம் என்று காட்டுகிறேன். பாருங்கள், ரப்பர் வழவழ என்று இருக்கிறது, திருகவே... அந்த முன் சீட்டில் கனகாம்பரம் வைத்திருக்கிற அம்மா போனில் பேசிக்கொண்டே திரும்புகிறார்கள் பாருங்கள்.

எடுத்துவிட்டேன். பாருங்கள். ஆமாம், சிரிப்பு விழுந்திருக்கிறது. கண்ணும் விழுந்திருக்கிறது. யோசிக்காமலே திருகினேன் என்கிறீர்களா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காலை வெயில் சார். ஜன்னலோரம். யார் எடுத்தாலும் விழும். வளையம் மோசம் என்றுதான் சொல்ல வந்தேன், அது மோசம்தான். இந்தாருங்கள், பிடியுங்கள்.

தென்திருப்பேரை தாண்டிவிட்டது. அடுத்தது நம்முடையதுதான். என்னுடையது.

போன் அடிக்கிறது. ஜெபசிங்தான். அடிக்கட்டும். இறங்கித்தானே போகப் போகிறேன், அதற்குள் என்ன அவசரம்? இவனுக்கு எல்லாமே அவசரம்.

நின்றுவிட்டது. மெசேஜ் போடுகிறான். "பொண்ணு மேடைக்கு வந்துட்டு. அண்ணாச்சி ரெண்டு தடவ போன் பண்ணிக் கேட்டாரு. எங்க இருக்க?"

அதுதான் மண்டபம். வாழைமரம் கட்டியிருக்கிறார்களே, அது. இங்கிருந்தே பாருங்கள் சார், வாசல் கிழக்குப் பார்த்து இருக்கிறது. இந்த நேரத்துக்கு வெயில் நேராக உள்ளே விழும். மேடை வாசலுக்கு எதிரில் இருந்தால் பெண் கண்ணைச் சுருக்குவாள். பக்கவாட்டில் இருந்தால் பாதி முகம் கறுத்துவிடும். இதில் நல்ல படம் எப்படி வரும்? முதலிலேயே போய்ப் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாளே பார்த்து எழுதி வைத்திருந்தால் ஒரு முடிவுக்கு வரலாம். இப்படி அரைகுறையாகப் போய் நிற்பது என் பழக்கம் இல்லை.

இறங்குகிறார்கள், இறங்கட்டும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள், அந்த அம்மாவுக்கு வழி விடுங்கள்.

பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, வர முடியாது என்று அவனுக்குப் போட்டுவிட்டேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை சார். பஸ் நிற்கிறது, அதுமட்டும் உண்மைதானே.

கண்டக்டர், இங்க ஒரு திருநெல்வேலி குடுங்க.

இல்லை, மறக்கவில்லை. திருநெல்வேலியில் எனக்கு வேலை இருக்கிறது. ஜங்ஷன் கடையில் வேறொரு கம்பெனி வந்திருக்கிறதாம், சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. மிரர்லெஸ் என்கிறார்கள், உள்ளே கண்ணாடியே கிடையாதாம். அதைப் பற்றி விசாரிக்க வேண்டும். அப்பா இன்னும் ஒரு மாதம் பொறுக்க மாட்டாரா? நான் எடுத்துச் சொன்னால் கேட்பார்.

என் கையா? மடியில் சும்மா இந்த வளையத்தைத் திருகுகிறது சார். ஆமாம், மஞ்சள் பக்கமாகத்தான் திருகுகிறது. இன்ஜின் ஓடுகிறது அல்லவா, அந்த ஆட்டம்.